வாசகர் கேள்வி பதில்: பிடித்துப் படிப்பதும் மகிழ்ச்சியாக இருப்பதும்

பெரியவர்கள் புதுமொழி கற்பதைப் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி வாசகர்களிடம் கேட்டிருந்தோம். இலக்கணச் சந்தேகங்கள் வரும் என்று எதிர்பார்த்தோம். வந்ததில் பெரும்பகுதி மனம் சம்பந்தப்பட்டது. அதனால் பதில்களில் இரண்டு சொற்களைப் பிரித்தே எழுதுகிறோம். பாடத்தில் இருக்கும் நேரத்தில் கிடைப்பதை ‘ருசி’ என்கிறோம். மொத்த வாழ்க்கையைப் பற்றி ஒருவருக்கு இருக்கும் நிறைவை ‘மகிழ்ச்சி’ என்கிறோம். ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று நினைப்பதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகச் சமூக மன்றத்தில் சனிக்கிழமை தோறும் 2 மணி நேரம் சீன வகுப்புக்குப் போகிறேன். ஆசிரியை தங்கமானவர். கூடப் படிப்பவர்கள் நல்ல தோழிகளாகிவிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் வீடு திரும்புவேன். ஆனால் மின்தூக்கியில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஏதாவது கேட்டால் வாயடைத்துப் போகிறது. சந்தோஷமாகப் படித்தால் நன்றாக வரும் என்பது பொய்யா? (வாசகி, ஈசூன்)

பதில்: பொய்யில்லை. ஆனால் உங்கள் ருசி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மொழி வகுப்பில் கிடைக்கும் இன்பத்தை அளக்க போட்டஸ், டெவேல், கிரைஃப் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2021இல் ஒன்பதே வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அதில் இன்பம் மூன்று வகையாகப் பிரிகிறது: ஆசிரியரால் வருவது, கூடப் படிப்பவர்களால் வருவது, “எனக்கும் வருகிறதே” என்று நமக்குள்ளேயே எழுவது. உங்கள் கடிதத்தில் முதல் இரண்டும் நிறைய இருக்கின்றன. மூன்றாவதைப் பற்றி ஒரு வரி இல்லை. மின்தூக்கியில் கைகொடுக்க வேண்டியது அந்த மூன்றாவதுதான்.

மணிக்கணக்கையும் பாருங்கள். அமெரிக்க அரசதந்திரிகளுக்கு மொழி கற்பிக்கும் பயிற்சிக் கழகம், சீன மொழியில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற ஏறத்தாழ 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. வாரம் 2 மணி நேரம் என்றால் இரண்டு ஆண்டில் நீங்கள் 200ஐ ஒட்டித்தான் இருப்பீர்கள். எனவே “எனக்கு வரவில்லை” என்று முடிவுகட்டும் கட்டமே இது இல்லை. கிடைத்த மணியை எப்படிச் செலவழிக்கிறீர்கள் என்பதுதான் விஷயம், ருசி நம்மை ஏமாற்றுவதும் அங்கேதான்.

ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஒரு சோதனை. ஒரு குழு ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் நின்றதை மூன்று முறை எழுதியது. 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 83 விழுக்காடு சொன்னார்கள், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்து அது தலைகீழானது: படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. “எனக்கு நன்றாக நினைவிருக்கும்” என்று கூடுதல் நம்பிக்கையோடு இருந்தவர்கள் படித்தவர்கள்தான். வழுக்கிக்கொண்டு போகும் பாடம் சுகமாக இருக்கும், மனத்தில் நிற்காது. முட்டி மோதி நினைவிலிருந்து எடுக்கும் பாடம் அந்த நேரத்தில் எரிச்சலூட்டும், ஆனால் நிற்கும்.

வகுப்பை விட வேண்டாம். அதோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், நோட்டைத் திறக்காமல், அன்று படித்ததில் ஐந்து முழு வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தனிச் சொற்கள் வேண்டாம், வாக்கியமாகவே இருக்கட்டும். சொல்லி முடித்த பிறகு மட்டும் நோட்டைப் பார்த்துத் திருத்துங்கள். அதே ஐந்தை மறுநாள், நான்காம் நாள், அடுத்த சனிக்கிழமை காலை என்று மூன்று தடவை எடுத்துப் பாருங்கள். ஒரு தடவைக்கு 10 நிமிடம் போதும். இரண்டு வாக்கியம் தொலைந்து போயிருந்தால் பயிற்சி சரியாகத்தான் நடக்கிறது என்று பொருள். ஐந்தும் ஒவ்வொரு தடவையும் தடங்கலில்லாமல் வந்தால் வாக்கியங்கள் உங்களுக்கு மிக எளிது.

வாய் திறந்து பேசிய பிறகும் பாட்டிக்குப் புரியாமல் போக ஒரு காரணம் இருக்கக்கூடும், தமிழர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். சீனத்தில் வயிறும் முயலும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே கேட்கும்: ‘தூத்ஸ’. இரண்டுக்கும் நான்காம் தொனிதான் (குரல் சட்டென்று இறங்குவது). முதல் எழுத்தோடு வெளியேறும் மூச்சில்தான் வேறுபாடு. வயிற்றுக்கு மூச்சு வராது, நம் ‘தூண்’ என்பதில் உள்ள த அப்படியே போதும். முயலுக்கு அதே த, கூடவே பலமாக ஒரு ஊதல். பின்யின் (சீன ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை) எழுத்தைப் பார்த்ததும் ஆங்கிலம் நினைவுக்கு வந்து, வயிற்றை அடித்தொண்டை அதிர ஆங்கிலப் பாணியில் சொல்கிறோம், முயலை ஊதாமல் விட்டுவிடுகிறோம். இரண்டும் கலங்கிவிடுகின்றன. மெல்லிய திசுத்தாளை உதட்டுக்கு முன்னால் நான்கு விரல் தூரத்தில் பிடித்துச் சொல்லுங்கள். வயிற்றுக்குத் தாள் அசையக்கூடாது, முயலுக்குத் துள்ள வேண்டும். ப, க வரிசையிலும் இதே சோதனைதான். தொனிகளில் மாதக்கணக்கில் திண்டாடுகிறவர்கள் பலர் இந்த மூச்சைக் கவனிப்பதே இல்லை.

பிறகு பாட்டியிடம் ஒரே ஒரு கேள்வியை முந்திக்கொண்டு நீங்கள் கேளுங்கள். “ச்சி பாவ் ல மா?” (சாப்பிட்டாச்சா?) போதும். நீங்கள் தொடங்கினால் பதில் எந்தத் திசையில் வரும் என்று பாதி ஊகிக்க முடியும். அவர் தொடங்கினால் எதுவும் வரலாம்.

கேள்வி: வயது 58. இனிமேல் மொழி ஏறுமா? (வாசகர், அங் மோ கியோ)

பதில்: ஏறும். 1978இல் ஸ்னோ, ஹோஃப்நாகல்-ஹோலே இருவரும் நெதர்லாந்தில் டச்சு மொழி கற்ற ஆங்கிலக் குடும்பங்களை ஆராய்ந்தார்கள். முதல் சில மாதங்களில் வேகமாகக் கற்றவர்கள் பதின்ம வயதினரும் பெரியவர்களும்தான். மிகச் சிறு குழந்தைகள் பின்தங்கினார்கள். பெரியவருக்குக் குறைவது பெரும்பாலும் உச்சரிப்பின் நுணுக்கமும் ஓய்வு நேரமும். முதலாவதற்குக் காது கொடுங்கள், இரண்டாவதற்கு நாளுக்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள்.

கேள்வி: வேலைக்காக ஜப்பானிய மொழியில் என்3 (ஐந்து நிலைகளில் நடு நிலை) தேர்வுக்குத் தயாராகிறேன். நாளுக்கு 20 புதுச் சொல் அட்டைகள், வாரம் ஒரு மாதிரித் தேர்வு. மதிப்பெண் பரவாயில்லை. ஆனால் புத்தகத்தைத் திறந்தாலே கசக்கிறது. ருசி இல்லாமலே சமாளித்துவிடலாமா, விட்டுவிடுவதா? (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: என்3இல் மொத்தம் 180க்கு 95 எடுக்க வேண்டும், மூன்று பகுதிகளிலும் தலா 60க்கு 19க்குக் குறையக்கூடாது. ருசியே இல்லாமல் இதைத் தாண்ட முடியும், பலர் தாண்டுகிறார்கள். தேர்வு முடிந்த மறுநாள் அதே ஆட்களே புத்தகத்தை மூட்டை கட்டிவிடுவதுதான் பிரச்சினை. இந்தத் தேர்வில் பேசும் பகுதியும் கட்டுரை எழுதும் பகுதியும் கிடையாது. வேலைக்கு உங்களுக்குத் தேவையான பேச்சு, தேர்வுக்குப் பிறகுதான் வளர வேண்டும். அதற்குள் கசந்துவிட்டால் சான்றிதழ்தான் மிஞ்சும்.

முதலில் அட்டைகளைக் குறையுங்கள். நாளுக்கு 20 புதுச் சொல் என்றால் மாதம் 600. அவை ஒவ்வொன்றும் மறுநாள், சில நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று திரும்பத் திரும்ப வரும். அதனால் புதுச்சொல்லைவிடப் பழையதின் குவியல் பல மடங்கு பெருத்து, ஒருநாள் தவறினால் மறுநாள் மலைபோல் நிற்கும். கசப்பு பெரும்பாலும் இந்தக் குவியலிலிருந்துதான் வருகிறது, மொழியிலிருந்து வருவதில்லை. இரண்டு வாரத்துக்குப் புது அட்டையே சேர்க்காமல் பழையதை மட்டும் பாருங்கள். பிறகு நாளுக்கு 7 அல்லது 8. ஏழெட்டு முறை தவறிய சொல்லைத் தூக்கி எறியுங்கள். தேவையான சொல் என்றால் வேறொரு வாக்கியத்தில் தானாக எதிரே வரும்.

மிச்சமாகும் நேரத்தில் வாசியுங்கள். எதை வாசிப்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. உதவியில்லாமல் புரிந்து வாசிக்க, ஒரு பக்கத்தில் 98 விழுக்காட்டுச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது ஹூ, நேஷன் இருவரின் 2000ஆம் ஆண்டு ஆய்வு. அதாவது 100 சொல்லுக்கு 2 தெரியாமல் இருக்கலாம். புத்தகத்தில் எங்காவது 100 சொல்லை எண்ணி, தெரியாதவற்றைப் பென்சிலால் கோடிடுங்கள். 2 அல்லது 3 என்றால் தூங்குமுன் வாசிக்க நல்லது. 5க்கு மேல் போனால் அது பாடப்புத்தகம், மேசையில் உட்கார்ந்து படிக்க வேண்டியது. 10ஐத் தாண்டினால் அடுத்த ஆண்டுக்கு எடுத்து வையுங்கள். தேர்வுக்குப் படிப்பவர்கள் பெரும்பாலும் மூன்றாம் வகையை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு ருசி இல்லையே என்று வருந்துகிறார்கள்.

ஜப்பானில் ‘தடோகு’ என்றொரு வாசிப்பு முறை உண்டு, நிறைய வாசிப்பது என்று பொருள். எளிய நிலையில் தொடங்கு, அகராதி பார்க்காதே, புரியாததைத் தாண்டிப் போ, ஓடவில்லை என்றால் வேறு புத்தகம் எடு. விதி அவ்வளவுதான். இதற்கென்றே படிநிலைப்படி எழுதப்பட்ட சிறு புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. உங்கள் நிலைக்கு இரண்டு படி கீழே தொடங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, வேகம் அங்கேதான் பிறக்கிறது.

தமிழருக்கு ஜப்பானிய மொழியில் கிடைக்கும் ஓர் இன்பம் உண்டு, மாதிரித் தேர்வு அதைக் காட்டாது. ‘தபேதே மிரு’ என்பது அப்படியே ‘சாப்பிட்டுப் பார்’. ‘ஷிதே ஓகு’ என்பது ‘செய்து வை’. வினையெச்சத்தோடு ‘பார்’, ‘வை’ சேர்க்கும் பழக்கம் நம் நாவில் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கில விளக்கத்தின் வழியாகச் சுற்றிப் போகாமல், இலக்கண நூலில் ஒவ்வொரு பக்கத்திலும் தமிழ் வாக்கியத்தை ஓரத்தில் எழுதிப் பாருங்கள். குறில் நெடில் வேறுபாடும் அப்படித்தான்: ‘ஒபசான்’ அத்தை, ‘ஒபாசான்’ பாட்டி. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் திணறும் இடத்தில் உங்கள் காது திணறாது. முதல் பதிலில் சொன்ன, “எனக்கும் வருகிறதே” என்ற அந்த மூன்றாம் ருசி உங்களுக்கு இங்கே காத்திருக்கிறது.

கேள்வி: மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். வயதான மலாய் நோயாளிகளோடு அவர்கள் மொழியில் பேசக் கற்று வருகிறேன், மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடக்கிறது. பயம் போன பிறகு பேசலாமா? (வாசகி, செங்காங்)

பதில்: காத்திருக்காதீர்கள். பயம் போனால்தான் ருசி வரும் என்பது பழைய எண்ணம். 2014இல் டெவேல், மெக்கின்டைர் இருவரும் உலகெங்கும் 1,746 கற்போரிடம் இரண்டையும் தனித்தனியாக அளந்தார்கள். ஒன்று கூடினால் மற்றது குறையும் போக்கு இருந்தது, ஆனால் மிதமாகத்தான் (−0.36; முழு எதிர்த்தொடர்பு என்றால் −1). ஒரே ஆளிடம், ஒரே மணி நேரத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். பெண்கள் இன்பத்தையும் சற்றுக் கூடுதலாகச் சொன்னார்கள், பதற்றத்தையும் சற்றுக் கூடுதலாகச் சொன்னார்கள். உங்கள் நிலை விசித்திரமானதே இல்லை.

படபடப்பைக் குறைக்க ஒரே நல்ல வழி, முதல் வாக்கியத்தை யோசிக்க வேண்டியில்லாதபடி வைத்துக்கொள்வது. மூன்று வாக்கியம் போதும். “சாக்கிட் டி மானா?” (எங்கே வலிக்கிறது?) “சூடா மாக்கான் ஊபாட்?” (மருந்து சாப்பிட்டாச்சா?) “போலே சாக்காப் பெர்லாஹான் சிக்கிட்?” (கொஞ்சம் மெதுவாகச் சொல்ல முடியுமா?) மூன்றாவதுதான் மிக முக்கியம். அது இல்லாததால்தான் பலர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

பெரியவர்களை ‘அவாக்’ (நீ) என்று விளிக்காதீர்கள், மரியாதைக் குறைவாகப் படும். நாம் ‘பாட்டி சாப்பிட்டாச்சா’ என்று கேட்பதைப் போலவே, ‘நீங்கள்’ வரும் இடத்தில் மக்சிக் (அத்தை), பக்சிக் (மாமா), நெனெக் (பாட்டி) என்று உறவுப்பெயரையே வையுங்கள். பாடநூலில் ‘ஹெண்டாக்’ (வேண்டும்), ‘தீடாக்’ (இல்லை) என்று இருப்பது வார்டில் ‘நாக்’, ‘தாக்’ ஆகிவிடும். இதை முன்பே தெரிந்து வைத்திருந்தால், படித்ததெல்லாம் வீண் என்று முதல் நாளே மனம் உடையாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். மருந்தளவு, ஒவ்வாமை, சம்மதக் கையெழுத்து இவற்றுக்கெல்லாம் மலாய் நன்கு தெரிந்த சக ஊழியரையோ மொழிபெயர்ப்பாளரையோ அழையுங்கள். நலம் விசாரிப்பதற்கும் ஆறுதலுக்கும் உங்கள் மலாய் போதும். அந்த எல்லை தெளிவாக இருந்தால் பதற்றத்தில் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

கேள்வி: பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள், வீடு வெறிச்சென்று இருக்கிறது. மொழி வகுப்பில் சேர்ந்தால் மனம் சந்தோஷமாகும் என்கிறார்கள். உண்மையா? (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: ஓரளவுக்கு. வாழ்க்கை நிறைவை அளக்க எட் டீனரும் சகாக்களும் 1985இல் தந்த ஐந்து வாக்கிய அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. “என் வாழ்க்கை என் இலட்சியத்துக்கு நெருக்கமாக இருக்கிறது” என்ற வகையில், முழு வாழ்க்கையையும் எடைபோடச் சொல்லும் வாக்கியங்கள் அவை. வாரம் 2 மணி நேர வகுப்பு எவ்வளவு ருசித்தாலும் மீதி 166 மணி நேரம் இருக்கிறது. வகுப்பு தன்னால் அந்த வெறுமையை நிரப்பாது.

நிரப்பக்கூடியது, மொழி உங்களை யாரோடு சேர்க்கிறது என்பது. ஆகவே மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது “எது அழகு” என்று பார்ப்பதைவிட, “இந்த மொழியில் வாரம் மூன்று முறை நான் யாரோடு பேசுவேன்” என்று கேளுங்கள். ஈரச்சந்தையில் மீன் விற்பவர், கீழ்த்தளத்தில் காலை உடற்பயிற்சி செய்யும் குழு, தொலைபேசியில் புது மருமகளின் தாயார். ஆள் இருந்தால் மொழி தங்கும், மகிழ்ச்சிக்கும் வழி உண்டு. ஆளே இல்லாத மொழியும் ருசிக்கலாம். ஆனால் அதைப் பொழுதுபோக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள், மருந்தாக நினைக்காதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் வகுப்பைப் பற்றிய கேள்வியைத் தள்ளி வையுங்கள். பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள், அல்லது 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழையுங்கள். இதில் தாமதம் வேண்டாம்.

கேள்வி: கைப்பேசிச் செயலியில் ஒரு வருடத்துக்கு மேல் ஒரு நாளும் விடாமல் கொரியன் படிக்கிறேன். மிகவும் ருசிக்கிறது. வகுப்பு தேவையா? (வாசகர், பொங்கோல்)

பதில்: ருசிப்பது கொரியனா, புள்ளிகளா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஒரு வாரம் செயலியைத் தொடாமல், அதே நேரத்தில் நாள்தோறும் கொரியனில் ஐந்து வரி நாட்குறிப்பு எழுதுங்கள். எழுத எழுத ஆர்வம் கூடினால் மொழி பிடித்திருக்கிறது, உடனே வகுப்பு தேடுங்கள். இரண்டாம் நாளே, ஒரு நாளும் விடாமல் வந்த தொடர்வரிசை அறுந்துபோனது மட்டும்தான் உறுத்துகிறது என்றால், உங்களைப் பிடித்து வைத்திருப்பது செயலி. சொல் தேர்ந்தெடுத்துத் தொடும் பயிற்சியில் விடை கண்முன்னே இருக்கிறது. பேசும்போது அது இருக்காது. செயலியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் கேள்வியைப் பார்த்ததும் விடைகளைக் கையால் மறைத்து, வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தொடுங்கள்.

கேள்வி: திறன் பயிற்சிக்காக அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணம் மொழி வகுப்புக்குப் பயன்படுமா? நல்ல வகுப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், பிடோக்)

பதில்: 25 வயதைத் தொட்ட சிங்கப்பூரர்களுக்கான முதல் 500 வெள்ளியை அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளுக்குப் பயன்படுத்தலாம். 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024இல் வந்த 4,000 வெள்ளி, வேலைவாய்ப்பை முன்னிட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்ட பயிற்சிகளுக்கு மட்டுமே. எனவே அந்தந்த மொழி வகுப்பு பட்டியலில் இருக்கிறதா என்று இணையவாசலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வகுப்பு தொடங்கும் முன்பே விண்ணப்பிக்கவும் வேண்டும், பிறகு கேட்டால் கிடைக்காது.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு மாணவரை மனத்தில் குறித்துக்கொண்டு, அவர் அந்த மொழியில் வாய் திறந்த நிமிடங்களை மட்டும் எண்ணுங்கள். கூட்டாகச் சொல்வதைச் சேர்க்க வேண்டாம். 2 மணி நேரத்தில் 15 நிமிடத்தைத் தாண்டினால் நல்ல வகுப்பு. 5 நிமிடம்கூட இல்லையென்றால், ஆசிரியர் எவ்வளவு கலகலப்பாக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள். யாராவது தவறாகச் சொன்னபோது ஆசிரியர் என்ன செய்தார் என்பதையும் கவனியுங்கள். உடனே சரியான விடையைத் தாமே சொல்லிவிட்டாரா, மூன்று நான்கு விநாடி பொறுத்து அவரையே திருத்த விட்டாரா? பொறுப்பவரிடம் சேருங்கள்.